ஒரு சாண் குறைந்த பீரங்கி

மாடசாமி தேத்தண்ணியை மோந்து பார்க்காமல் குடித்ததே இல்லை. கடைத் தேத்தண்ணியைச் சொல்லவில்லை; சொந்த ஒற்றையறைக் காம்பராவில் பெண்டாட்டி கையால் போட்டுக் கொடுக்கிற தேத்தண்ணியைச் சொல்கிறேன். கருப்பம்மா குவளையை நீட்டுவாள். அவன் அதை மூக்குக்கு நேரே பிடித்து ஒரு இழுப்பு இழுப்பான். அப்புறம் அவள் முகத்தை ஒரு பார்வை பார்ப்பான். அதற்குப் பிறகுதான் வாயில் வைப்பான். பதினெட்டு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று அவளும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

பசறைக்கு மேலே மூணுபாறைத் தேயிலைத் தோட்டத்தில் அவனுக்குப் பாறை உடைக்கிற வேலை. ரோடு வெட்டும்போதோ, காட்டை அழித்துப் புதுத் தேயிலை போடும்போதோ மம்பட்டிக்கு மசியாத கல் வந்துவிட்டால் அவனைக் கூப்பிடுவார்கள். பாறையில் குழி போடுவான். வெடிமருந்தைக் கொட்டி, நடுவில் ஒரு செம்பு ஊசியை நட்டு, சுற்றிலும் களிமண்ணை இடித்துக் கெட்டிப்பான். பிறகு ஊசியைச் சுழற்றி உருவிவிட்டு, அது விட்டுப்போன துளையில் திரியை இறக்கிப் பற்றவைப்பான். இரும்பு ஊசி என்றால் கல்லில் உரசிப் பொறி பறக்கும், செம்பு பறக்காது. அந்த ஊசியை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டான். மாரியம்மன் திருவிழாவில் இரும்புக் குழாயில் வேட்டுப் போடுவதும் அவன்தான்.

மருந்தோடு பழகிப் பழகி அவனுக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். மருந்துச் சாக்கின் முடிச்சு நேற்று போட்ட மாதிரியே இருக்கிறதா என்று பார்ப்பான். வெயில் அடித்தால் மழைக்குத்தான் அடிக்கிறது என்பான். யாராவது வலிய வந்து வெற்றிலை நீட்டினால் இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் என்று ராத்திரிவரைக்கும் யோசிப்பான். ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் அவனுக்கு மோப்பசாமி என்று பெயர். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள்.

"மருந்தோட பொழங்குறவன் நம்பிக் கெட்டான்னா, தனியா சாவ மாட்டான். பக்கத்துல நிக்கிறவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போவான்," என்பான் மாடசாமி. அது அவன் கண்ணால் பார்த்த விஷயம்.

கந்தப்பன் என்று அவனுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். இரண்டு பேரும் மதுரைப் பக்கத்து ஆட்கள். கடல் கடந்து மன்னாரில் இறங்கி ஒன்றாக நடந்து, ஒன்றாகக் காய்ச்சலில் படுத்து, ஒன்றாக எழுந்தவர்கள். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில் பெரகலைக்கு மேலே ஒரு கண்டிராக்டருக்காக வண்டிப் பாதைக்குப் பாறை உடைத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் ஆறு குழி பற்றவைத்ததில் ஐந்துதான் வெடித்தது. ஆறாவது சும்மா கிடந்தது. வெடிக்காத குழிக்கு ஒரே வழிதான் உண்டு. தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுநாள் காலைவரை அந்தப் பக்கம் போகக்கூடாது. கந்தப்பனுக்கு அவசரம். அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே போய்க் கெட்டிப்பைக் குத்தினான். அவனை அள்ளிக் கட்டுவதற்கு ஒரு சாக்கு போதுமாக இருந்தது.

கந்தப்பனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். பெண்டாட்டி சோற்றுச் சட்டியோடு மேல் வளைவில் நின்றிருந்தாள். அவள் வந்தது வெடிக்கு முன்னாலா பின்னாலா என்பது மாடசாமிக்குத் தெரியாது. அவள்தான் கருப்பம்மா.

ஊர் வாய் சும்மா இருக்குமா? குழியில் கோளாறு என்று தெரிந்தே மாடசாமிதான் கந்தப்பனை அனுப்பினான் என்றார்கள். அடுத்த வருஷம் அவன் கருப்பம்மாவுக்குத் தாலி கட்டியதும், பார்த்தாயா நான் சொன்னேனே என்றார்கள். வேறு ஆதரவில்லாத பெண்ணுக்குத் துணையாகக் கட்டினான் என்று சொல்ல ஒரு நாக்குக்கும் மனசு வரவில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இரண்டு பேரும் பெரகலையை விட்டு மூணுபாறைக்கு வந்தார்கள். பேச்சு அவர்களுக்கு முன்னாலேயே வந்து லயத்தில் உட்கார்ந்திருந்தது.

ஊர் என்ன நினைத்தாலும் மாடசாமிக்குக் கவலையில்லை. கருப்பம்மா என்ன நினைக்கிறாள்? அதுதான் அவனை அரித்தது. அவள் கந்தப்பன் பெயரை எடுத்ததே இல்லை. அது மறந்ததாலா, மனசுக்குள் முடிந்து வைத்திருப்பதாலா? குழம்பில் காரம் கூடினால், வேண்டுமென்றே போட்டாளோ என்று நினைப்பான். சிரித்துப் பேசினால், எதற்கு இத்தனை நயம் என்று நினைப்பான். ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. நீ என்னைச் சந்தேகப்படுகிறாயா என்ற ஒரு கேள்வியை மட்டும் அவனால் கேட்க முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இப்படியே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வந்தது. மலை உச்சியில் புதுத் தேயிலைக்காகக் காடு அழித்தார்கள். அங்கே மாடசாமி வைத்த ஒரு வேட்டில் பெரிய பாறை இரண்டாகப் பிளந்து, பின்னால் ஒரு குகை வாய் திறந்தது. உள்ளே மழைத் துளி படாத காய்ந்த மண். அந்த மண்ணில் பாதி புதைந்து ஒரு இரும்புக் குழாய் கிடந்தது.

நீளம் ஒரு ஆளின் இடுப்பு உயரம் இருக்கும். பின்பக்கம் தொடைத் தடிமன், முன்பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, வாயில் ஒரு எலுமிச்சம்பழம் நுழையும். பின்பக்கம் மூடியிருந்தது. அதற்குச் சற்று முன்னால் மேல்பக்கத்தில் ஒரு சின்னத் துளை, துருவும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. கூட வந்த ஆட்கள் அதைச் சுற்றி நின்று வாய் பிளந்தார்கள். மாடசாமி அவர்களை எட்டிப் போகச் சொல்லிவிட்டு ஒரு மூங்கில் குச்சியை ஒடித்தான். வாய் வழியாகக் குச்சியை உள்ளே விட்டு, இடித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெளியே எடுத்தான். அதே குச்சியைக் குழாயின் மேலே வைத்து, வாயிலிருந்து அந்தத் துளைவரை அளந்தான்.

ஒரு சாண் குறைந்தது.

துளைவரைக்கும் போக வேண்டிய குச்சி ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது என்றால், அந்த ஒரு சாணில் ஏதோ இருக்கிறது. செம்பு ஊசியை எடுத்துத் துளையை மெதுவாகக் குடைந்தான். ஊசி முனையில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது, கரித்த இடம் சில்லென்றது. எந்தக் காலத்திலோ எவனோ கெட்டித்து வைத்த மருந்து, இன்னும் உயிரோடு கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்து பெரிய கங்காணி பொன்னையா மேலே ஏறி வந்தார். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலை. கோயிலும் அவர் கையில்தான். குழாயைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் ஏழு வேட்டுக் குழாய் உண்டு. மூணுபாறையில் இரண்டே இரண்டு. போன வருஷத் திருவிழாவில் அந்தத் தோட்டத்துக் கங்காணி, உங்க வேட்டு எங்களுக்கு இருமல் சத்தம் மாதிரிக் கேட்டுச்சு என்று சொல்லிச் சிரித்ததை அவர் மறக்கவில்லை.

"அம்மனே குடுத்திருக்கா," என்றார் பொன்னையா. "இன்னும் பன்னெண்டு நாள்ல திருவிழா. கரகம் ஆத்துல இருந்து கெளம்பறப்ப இதுல போடுவோம் மொத வேட்டு. பதுளைக்கே கேக்கணும்."

"உள்ள இருக்குங்க. யாரும் கை வைக்காதீங்க," என்றான் மாடசாமி.

"உள்ள என்ன இருக்கு?"

மாடசாமி பதில் சொல்லவில்லை. அங்கேதான் எல்லாம் கெட்டது. மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் புத்தி வேறு பக்கம் ஓடியது. மருந்து என்றால் பொன்னையா நம்புவாரா? வேட்டுப் போடப் பயந்துகொண்டு கதை விடுகிறான் என்பார். நம்பினால் இன்னும் மோசம். தோட்டத்து மருந்தைத் திருடி இங்கே ஒளித்து வைத்தவன் நீதானே என்று வெள்ளைக்காரத் தொரையிடம் மாட்டிவிட்டாலும் விடுவார். பதுளைக்குப் போய், தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டான்.

மூடின வாயைப் பார்த்து ஊர் தானாக ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க ஒரே பேச்சு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனோடு நடந்த சண்டையில் தோற்று ஓடிய ராஜாவின் ஆட்கள் தங்கத்தைக் குழாயில் போட்டு அடைத்துவிட்டுப் போனார்களாம். மோப்பசாமி மோந்து கண்டுபிடித்துவிட்டானாம். தனியாகச் சுருட்டப் பார்க்கிறானாம்.

எட்டுப் பேர், இரண்டிரண்டு பேராக மாறி மாறி, குழாயைச் சுமந்து வந்து கோயில் முன்னால் இரண்டு கல்லின் மேல் கிடத்தினார்கள். பூசாரி சந்தனமும் குங்குமமும் வைத்து மஞ்சள் துணி சுற்றினார். அதற்குள் ஆண்களுக்குள் ஒருவன்மேல் ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் பொன்னையா ஒரு கட்டு வைத்தார். ஆம்பிளை எவனும் பத்தடிக்குள் வரக்கூடாது. பொம்பிளைகள் வழக்கம்போல மஞ்சள் தண்ணி தெளித்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். காவலுக்கு அவருடைய மைத்துனன்மார் இரண்டு பேர். தொரை இரண்டு வாரத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்ததால் கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடசாமி பதுளைக்கு நடந்தான். அங்கே ஷுக்ரி என்பவர் பழைய இரும்பு வியாபாரம் செய்தார். அலவாங்குக்கு முனை அடிக்கப் போய்ப் பழக்கம். வாப்பா காலத்திலிருந்தே வெடியுப்பு விற்ற குடும்பம். மாடசாமி அளவைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையைத் தட்டினார்.

"அது கொடித்துவக்கு. ராசாட காலத்துச் சாமான். முன்னால ரெண்டு மரக்கால் இருந்திருக்கும், உக்கிப் போயிருக்கும். ரெண்டு பேர் தூக்கிட்டு மலையேறலாம். பறங்கி கடலோரத்துல கோட்டை கட்டிப் பெரிய பீரங்கி வச்சான், பொறகு ஒல்லாந்தன் வச்சான். அத இந்த மலையில எப்படி இழுக்கிற? அதுதான் ராசா தன்ட கம்மாளனக் கூப்பிட்டு இந்தச் சின்னதச் செய்ய வச்சார். காட்டுக்குள்ள இருந்து சுட்டுட்டுத் தூக்கிட்டு ஓடத் தோது. வெடியுப்பும் இங்கதான். வௌவால் குகை மண்ணக் காய்ச்சி எடுப்பாங்க."

ஷுக்ரிக்கு இந்தப் பேச்சு என்றால் வியாபாரம் மறந்துவிடும். "மருந்தக் கண்டவன் சீனாக்காரன். முதல்ல மூங்கில் குழாயில அடைச்சு ஈட்டியில கட்டிக் கொளுத்தினான். பொறகு அரபு தேசத்துக்கு வந்தது, துருக்கிக்கு வந்தது. துருக்கி சுல்தான் ஒருத்தர் வீடு மாதிரி ஒரு பீரங்கி வார்த்து, ஒரு பெரிய பட்டணத்து மதிலையே ஒடைச்சார். அத வார்த்துக் குடுத்தவன் யார் எண்டு நெனைக்கிற? அந்த மதிலுக்குள்ள இருந்த ராசாகிட்டத்தான் முதல்ல வேலை கேட்டுப் போனான். அங்க சரிவரல்ல, சுல்தான்கிட்ட வந்துட்டான். கண்டி ராசாகிட்டயும் பறங்கிய விட்டு ஓடிவந்த பறங்கி வேலை செஞ்சிருக்கான். அதனால பீரங்கிக்காரன எந்த ராசாவும் முழுசா நம்பினதே இல்ல, மாடசாமி."

"என்னையும் இப்ப யாரும் நம்பலைங்க முதலாளி," என்றான் மாடசாமி. "நூறு வருசத்து மருந்து வெடிக்குமா? அதச் சொல்லுங்க."

ஷுக்ரியின் சிரிப்பு நின்றது. "காஞ்ச குகையில கெடந்ததா? வெடிக்கும். நெருப்புக் கிட்ட விட்டுடாத. அந்தத் துளை வழியா தண்ணிய ஊத்தி ஊத்தி, ஒரு கிழமைக்கு ஊற விடு. வேற வழி இல்ல."

கந்தப்பனுக்குச் சொன்ன அதே வழி. மாடசாமி வேகமாகத் திரும்பி நடந்தான்.

இந்தத் தடவை வாயைத் திறந்து சொன்னான். உள்ளே இருப்பது மருந்து, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கோயில் முன்னாலேயே நின்று சொன்னான். பொன்னையா வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏன்டா சொல்லல?"

மாடசாமி வாயைத் திறப்பதற்குள் பொன்னையாவே தொடர்ந்தார்.

"ரெண்டு நாள் யோசிச்சுட்டு, பதுளைக்கும் போய்ட்டு வந்து இப்ப மருந்துங்கிற. எவன்கிட்ட வெல பேசிட்டு வந்த? தண்ணி ஊத்தித் துருப் பிடிக்க வச்சுட்டா நாங்க தொறக்க முடியாது. அப்புறம் நீ மட்டும் வந்து தொறப்ப. அதானே?" கூட்டம் சிரித்தது. மைத்துனன்மார் அவனைப் பத்தடிக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய் விட்டார்கள்.

காம்பராவுக்கு வந்து தன் தகரப் பெட்டியைத் திறந்தான். செம்பு ஊசியைக் காணோம்.

அந்தப் பெட்டியை அவனையும் கருப்பம்மாவையும் தவிர யாரும் தொடுவதில்லை. "ஊசி எங்க?" என்றான்.

"எங்க போகும், கெடக்கும்," என்று அவள் அடுப்பை ஊதினாள்.

"நீ எடுத்தியா?"

"வேணுங்கிறப்ப வரும். தேத்தண்ணியக் குடிங்க."

மாடசாமி அன்றைக்குத் தேத்தண்ணியை மூன்று தடவை மோந்தான். பிறகு குடிக்காமலே வைத்துவிட்டான்.

மறுநாள் காலையிலிருந்து அவளைக் கவனிக்கத் தொடங்கினான். ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்பே அவள் குளித்துவிட்டு, செம்பில் மஞ்சள் தண்ணியோடு கோயிலுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் போகிறவள் இப்போது தினமும் போனாள். மற்றப் பெண்கள் தெளித்துவிட்டு வந்துவிடுவார்கள். இவள் மட்டும் அந்தக் குழாயின் பக்கம் குனிந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் என்னவோ செய்தாள். பொட்டு வைக்கிறாளாம். பீரங்கிக்கு எத்தனை பொட்டு வைப்பாள்? வியாழக்கிழமை அவள் பொன்னையாவோடு பேசிக்கொண்டிருந்ததைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கமிருந்து பார்த்தான். பொன்னையா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

சரிதான் என்று மாடசாமி நினைத்தான். ஊசியைக் கொடுத்துவிட்டாள். துளையைக் குடையச் சொல்லியிருக்கிறார்கள், குடைகிறாள். தங்கம் வந்தால் பங்கு. இல்லை, தங்கம்கூட வேண்டாம் அவளுக்கு. என்னை ஊர் முன்னால் திருடனாக நிறுத்தினாலே போதும். கந்தப்பனுக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்து செய்கிறாள். அப்படி நினைத்ததும் அவனுக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்காமலே பதில் கிடைத்துவிட்டதல்லவா? நிம்மதிக்கு அடியில் நெஞ்சு கனத்துக் கிடந்தது. அவள்மேல் அவனுக்கு அத்தனை பிரியம். அதை அவனே அந்த நாலைந்து நாளில்தான் தெரிந்துகொண்டான்.

குழாய் கிடைத்த ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, பாதி நாள் வேலை. மாடசாமி உச்சியில் குழி போட்டுக்கொண்டிருந்தான். கீழே கோயில் பக்கம் புகை எழுந்தது. சமையல் புகை இல்லை, உலைக்கரிப் புகை. எட்டிப் பார்த்தான். தோட்டத்துக் கொல்லன் துருத்தியைக் கொண்டுவந்து வைத்திருந்தான். குழாயின் பின்பக்கம் கரிக் குவியலில் கிடந்தது. காய்ச்சினால் துரு விட்டுவிடும், தங்கம் தானாக வழிந்து வரும் என்று யாரோ பொன்னையாவுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

மாடசாமி சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பாதையில்லாத சரிவில், விழுந்து எழுந்து ஓடினான். "துருத்திய நிறுத்து! நிறுத்துங்கடா!" என்று கத்திக்கொண்டே வந்தவனை மைத்துனன்மார் இரண்டு பேரும் மடக்கிப் பிடித்தார்கள். கூட்டம் தள்ளி நின்றது. துருத்திப் பக்கத்தில் கொல்லனும் பொன்னையாவும். அவர்களுக்கும் நெருப்புக்கும் நடுவே, குழாயிலிருந்து நாலே அடியில், கருப்பம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"கருப்பம்மா! வந்துரு! அது வெடிக்கும், வந்துரு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை.

துருத்தி ஊதியது. கரி சிவந்தது. மாடசாமி தன்னைப் பிடித்தவன் கையைக் கடித்தான், அவன் விடவில்லை. சோற்றுச் சட்டியோடு நின்ற பெண்ணும், அந்தச் சாக்கும் கண்முன் வந்தன. இவளையும் நான் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறேன் என்று நினைத்தான். அவள் என்னைச் சந்தேகப்பட்டால் படட்டும், காட்டிக்கொடுத்தால் கொடுக்கட்டும், வந்துவிடட்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

முதலில் ஒரு சீறல் கேட்டது. பிறகு கொதிக்கிற பானையில் மூடி துள்ளுகிற சத்தம். கண்ணைத் திறந்தான். குழாயின் துளையிலிருந்து ஆவி பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. வாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அதைத் தொடர்ந்து கறுப்புச் சேறு. கடைசியில் குழாய் ஒரு தடவை இருமி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு இரும்புக் குண்டைத் துப்பியது. குண்டு உருண்டு வந்து பொன்னையாவின் காலடியில் நின்றது.

கொல்லன் துருத்தியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். பொன்னையா குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கத்துக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. மைத்துனன்மார் பிடியை விட்டார்கள்.

மாடசாமி போய்ச் சேற்றைத் தொட்டான். சூடு. ஊதி நாக்கில் வைத்தான். அதே உப்பு, அதே சில்லிப்பு. கூடவே இன்னொரு ருசியும் இருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தான்.

மஞ்சள்.

தலையைத் தூக்கினான். கருப்பம்மா அதற்குள் லயத்தை நோக்கி நடந்துவிட்டிருந்தாள்.

அவன் காம்பராவுக்குள் நுழையும்போது அவள் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கொண்டையிலிருந்து செம்பு ஊசியை உருவி, தகரப் பெட்டிமேல் வைத்தாள்.

"ஊசி முனையில மருந்து ஒட்டியிருந்ததப் பாத்தப்பவே புரிஞ்சுபோச்சு. தெனமும் தொளையில துரு வந்து அடைச்சுக்குது. ஊசி இல்லாம தண்ணி எறங்கல," என்றாள். "ஒங்ககிட்டச் சொன்னா அங்க போய் நின்னு சத்தம் போடுவீங்க. என்னையும் விடமாட்டானுக. கங்காணிகிட்டயும் நெருப்பு வேணாம்யான்னு கெஞ்சிப் பாத்தேன். மோப்பசாமி பொண்டாட்டிதானேன்னு சிரிச்சாரு."

"அவ்வளவு பக்கத்துல ஏன் நின்ன?"

"நல்லா நனைஞ்சிருக்குமோ நனையலியோன்னு எனக்கென்ன தெரியும்? பயமாத்தான் இருந்துச்சு. எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னேன். கங்காணியும் கொல்லனும் மட்டும் கேக்கல. நான் கிட்ட நின்னா நெருப்ப எடுத்துருவாங்களோன்னு பாத்தேன்."

மாடசாமி சுவரோரமாக உட்கார்ந்தான். ஊசியை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தான். "நான் கோயில்ல சொல்றதுக்கு முந்தியே ஊசியக் காணோம். தண்ணி ஊத்தணும்னு ஒனக்கு யார் சொன்னா? நான் ஒங்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே."

"நீங்கதான் சொன்னீங்க."

"எப்ப?"

"அன்னைக்கு. பெரகல ரோட்டுல." கேத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி ஊத்துடா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு கத்துனீங்க. கையப் புடிச்சு இழுத்தீங்க. அவருதான் ஒதறிட்டுப் போனாரு. மேல சோத்துச் சட்டியோட நின்ன எனக்கே கேட்டுச்சு. பக்கத்துல இருந்த அவருக்குக் கேக்காமயா இருந்திருக்கும்?"

மாடசாமி ஊசியைக் கீழே வைத்தான். "இத்தன வருசமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

கருப்பம்மா அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "சொல்றதுக்கு என்ன இருக்கு? தெரிஞ்சுதானே ஒங்களக் கட்டிக்கிட்டேன்."

மாடசாமி அழுதான். ஐம்பதை நெருங்குகிற ஆம்பிளை, அடுத்த காம்பராவுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல் அழுதான். அவள் தடுக்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றிக் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு குவளையை எடுத்தான். பழக்கம் லேசில் விடுமா? கை தானாக மூக்குக்குத்தான் போனது. ஒரு இழுப்பு இழுத்தான்.

"மஞ்ச வாசம் அடிக்குது," என்றான்.

"என் கைதான். குடிங்க," என்றாள் கருப்பம்மா.

குடித்தான்.